பீரோ இறக்கிய நாளைப் பற்றி

கதிர்,

நேற்று போனில் நீ அழுததைக் கேட்ட பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் சித்தப்பனுக்கு வாய் சும்மா இருக்காது என்று தெரியும். ஆனாலும், நீ ஊரைவிட்டுக் கிளம்புகிற நேரம் பார்த்து இதைச் சொல்லித் தொலைப்பான் என்று நான் நினைக்கவில்லை. "என்னாலதாம்பா உன் முதுகு ஒடஞ்சிச்சி. பீரோவ நான்தான் தூக்கச் சொன்னேன். நான் மஸ்கட்டுக்குப் போவல, டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்றேன்" என்று நீ சொன்னதும் நான் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. வாயைத் திறந்தால் நானும் அழுதிருப்பேன். இப்போதெல்லாம் எனக்கு அழுகை சட்டென்று வந்துவிடுகிறது. அதற்கும் காரணம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். போனில் பேசினால் பாதியில் நீ குறுக்கே பேசுவாய், பாதியில் நான் போனை வைத்துவிடுவேன். எழுதினால் முழுவதையும் சொல்லி முடிக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முதுகுக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு, நாற்காலியில் தலையணை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்கு நினைவிருக்கும், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்குப் போகிற மலை வண்டியை நான் ஓட்டின காலம். இப்போது ஓட்டுகிறவர்கள் ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார்கள். அன்றைக்கு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் நெஞ்சைக் கொடுத்து இழுக்க வேண்டும். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நீ என் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் துண்டு மடித்துப் போட்டு உட்கார்ந்து வருவாய். சூடு தாங்காமல் நெளிவாயே தவிர இறங்கமாட்டாய். பஸ் மேலே ஏற்றுகிற சாமை மூட்டையை நான் கீழேயிருந்து ஒரே தள்ளாகத் தள்ளுவேன். நீ அதைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் கையை விரித்துக் காட்டிச் சொல்லுவாய். உன் மனசில் உன் அப்பன் அந்த ஆளாகவே இருந்துவிட்டான். அதில் உன் தப்பு ஒன்றுமில்லை. அந்த ஆள் போய்விட்டான் என்று உனக்குச் சொல்ல எனக்குத்தான் மனசு வரவில்லை.

நோய் வந்தது உனக்குத் தெரியும். மூத்திரம் சரியாகப் போகவில்லை என்று ஆரம்பித்து, ரத்தப் பரிசோதனை, சதை எடுத்துப் பரிசோதனை என்று வேலூருக்கு அலைந்து, புராஸ்டேட் சுரப்பியில் கேன்சர் என்று தெரிந்தபோது நீதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். டாக்டர் என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துப் பேசினார். ஆண்பிள்ளைக்கு இருக்கிற ஹார்மோனைத் தின்றுதான் இந்த நோய் வளர்கிறது, அந்த ஹார்மோனை ஊசி போட்டு நிறுத்திவிட்டால் நோய் பட்டினி கிடக்கும் என்றார். நீ வெளியே வந்து, "ஊசிதாம்பா, ஆபரேஷன் கூட இல்ல" என்று என் தோளைத் தட்டினாய். எனக்கும் அப்போது பெரிய ஆறுதல். அதன் பிறகு நீ ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டாய். ஊசிக்கு நானே பஸ் ஏறிப் போய் வந்துகொண்டிருந்தேன். நீ போனில் கேட்கும்போதெல்லாம், "நல்லா கீறேன்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஊசி உடம்பை என்ன செய்யும் என்று உனக்குச் சொல்லவில்லை. மார்கழி மாசம் மலையில் வாயைத் திறந்தால் புகை வருகிற குளிரில், எனக்கு மட்டும் திடீரென்று காதிலிருந்து நெஞ்சுவரை தீ பற்றினாற்போல் வியர்த்துக் கொட்டும். பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசலில் நிற்பேன். கையில் இருந்த சதை வற்றி வயிறு மட்டும் முன்னால் வந்தது. மார்பு பெண்பிள்ளைக்கு வருவதுபோல் தடித்து, சட்டை உரசினாலே வலித்தது. அதை மறைக்க அளவு பெரிதான சட்டை வாங்கிக்கொண்டேன். டிவியில் எவளோ ஒருத்தி மகளைப் பிரிந்து அழுதால் நானும் அழுதேன். உன் அம்மாவுக்கும் எனக்கும் நடுவே இருந்த ஒன்று அப்படியே அணைந்துபோனது. மகனிடம் சொல்கிற விஷயம் இல்லை இது. ஆனால் இன்றைக்கு நீயும் ஒருத்திக்குப் புருஷன், சொன்னால் புரியும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததே எனக்கு ஒரு பாரமாக இருந்தது.

இதையெல்லாம் நான் வாய்விட்டுப் பேசியது ஒரே ஒரு ஆளிடம். எல்லப்பன் என்று பெயர். காவலூருக்கு மேலே ஒரு சின்ன ஊர். சாமையும் கொள்ளும் விதைக்கிறவர், வாசலில் இரண்டு பலா மரம். அவருக்கும் அதே நோய், அதே ஊசி. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க நம்ம மலை வண்டி டிரைவருதானே? உங்க வண்டியிலதான் எம்பொண்ணு பிரசவத்துக்கு வந்துச்சி" என்றார். அன்றிலிருந்து ஊசித் தேதியை ஒன்றாக வைத்துக்கொண்டோம். அவர் மலையிலிருந்து இறங்கி ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் நிற்பார். நான் போனதும் டீ சொல்லுவார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் யாருக்கு வியர்க்கிறதோ அவருக்கு. ஒரு தடவை எனக்கு வியர்த்துக் கொட்டியபோது அவர் துண்டால் விசிறிக்கொண்டே, "இன்னா டிரைவரே, நம்ம பொம்பளைங்க இத்தினி வருசம் பட்டது இதானா? ஒரு நாளாவது நாம கேட்டோமா?" என்றார். இரண்டு பேரும் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தோம்.

எலும்பைப் பற்றி டாக்டர் சொல்லாமலில்லை. "அந்த ஹார்மோன்தான் எலும்புக்கும் பலம். அத நிறுத்தும்போது எலும்பு கரைய ஆரம்பிக்கும், வெளியில ஒண்ணும் தெரியாது, வலிக்கவும் செய்யாது. அடர்த்தி பாக்க ஒரு ஸ்கேன் இருக்கு, எடுத்துட்டு வாங்க" என்று இரண்டு பேரிடமும் சொன்னார். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று நாங்கள்தான் தள்ளிப்போட்டோம். வெளியே வந்ததும் எல்லப்பன், "கேன்சரே வந்துட்ச்சி, எலும்பு பத்தி இன்னா கவலை? அது பாட்டுக்குக் கீது" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. புலி துரத்தும்போது காலில் முள் குத்துவதை யார் பார்ப்பார்கள் என்றுதான் இருந்தோம்.

போன வருஷம் ஒரு ஊசித் தேதிக்கு எல்லப்பன் பஸ் ஸ்டாண்டில் இல்லை. போன் போட்டால் அவர் மனைவி பச்சையம்மா எடுத்தார். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத் திரும்பினவர் வாசற்படியில் கால் இடறி உட்கார்ந்துவிட்டாராம். "வுழவே இல்லீங்க, சும்மா குந்தினாரு, அவ்ளோதான்" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். இடுப்பு எலும்பு ஒடிந்துவிட்டது. மலையில் பிறந்து, பாறையிலும் பலா மரத்திலும் ஏறி வளர்ந்த மனுஷன். ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். நான் போய்ப் பார்த்தபோது கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "டிரைவரே, நம்மள கொல்லப்போறது கேன்சருன்னு நெனச்சிக்கினு இருந்தோம், பாத்தீங்களா? நீங்களாவது போய் அந்த ஸ்கேன எடுங்க" என்றார். நான் ஓட்டி ஓட்டிப் பழகின அதே ரோட்டில் பயணியாக இறங்கி வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே ஸ்கேன் எடுத்தேன். எலும்பு ரொம்ப மெலிந்துவிட்டது என்றார் டாக்டர். எலும்புக்கென்று ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, தினமும் நடை. அந்த ஊசியால் தாடை எலும்பு புண்ணாகலாம், அதனால் போடும் முன் பல் டாக்டரிடம் பல்லைக் காட்டிவிட்டு வரச் சொன்னார். "குடத்துத் தண்ணி கூடத் தூக்காதீங்க. குனிஞ்சி எதையும் தூக்கவே கூடாது" என்று இரண்டு தடவை சொன்னார். இதை நீ நன்றாகக் கவனித்துப் படி, கதிர். எல்லாம் எனக்குத் தெரியும். பீரோ வந்த நாளைக்கு முன்னாலேயே தெரியும். உனக்கும் அம்மாவுக்கும் நான் சொல்லவில்லை. உன் கல்யாணம் கூடியிருந்த நேரம் அது. மாப்பிள்ளையின் அப்பன் உளுத்துப்போனவன் என்ற சேதி பெண் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டாம் என்று நினைத்தேன். கல்யாணம் முடிந்ததும் பல்லைக் காட்டி ஊசியை ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். கல்யாணம் முடிந்த மறு வாரம் சம்பந்தி சீர் சாமான்களைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சித்தப்பன் ஆலங்காயம் போயிருந்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். வண்டிக்காரரும் நீயும் பீரோவைச் சாய்த்து இறக்கும்போது, "அப்பா, அந்தப் பக்கம் ஒரு கை புடிப்பா" என்று கூப்பிட்டாய். வாசலில் நின்ற அருணா உடனே, "மாமா, நீங்க இருங்க, யாராச்சும் வரட்டும்" என்று சொன்னாள். நேற்று வந்த மருமகளுக்குக் கூட என்னைப் பார்த்தால் முடியாதவனாகத் தெரிகிறதா என்று சுருக்கென்றது. அதற்குள் என் வயசுக்காரரான சம்பந்தி சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனியப் போனார். "நீங்க வுடுங்க சம்மந்தி, நான் பாத்துக்கறேன்" என்று அவரை நகர்த்திவிட்டுக் குனிந்தேன். 'முடியாது, எனக்கு எலும்பு சரியில்லை' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஹார்மோன் ஊசி என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதையெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் திரும்ப வாங்கிவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ. முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டும், உள்ளே கேட்டது. கண் இருட்டியது. ஆனால் பீரோவை விட்டால் உன் கால்மேல் விழும். படியேற்றி, கூடத்தில் சுவரோரமாக வைத்த பிறகுதான் கையை எடுத்தேன். பின்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா வந்து, "இன்னாங்க, மூஞ்சியே வெளுத்துப் பூட்ச்சி?" என்றாள். வெயில் என்றேன்.

சம்பந்தி சாப்பிடும்போது நான் எழுந்து பரிமாறவில்லை. அவர் கிளம்பும்போது வண்டிவரை போய் வழியனுப்பவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தால் கத்திவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் போனதும் நீ என்னிடம் வந்து கேட்டது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "மாமா வந்து கீறாரு, நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு குந்திக்கினு கீற. இன்னாப்பா, பீரோ சின்னதா கீதுன்னு கோவமா? அருணா மனசு இன்னா பாடுபடும்?" அன்று மாலையே அவளைக் கூட்டிக்கொண்டு நீ ஓசூருக்குப் போய்விட்டாய். முதுகு வலித்ததைவிட அது அதிகமாக வலித்தது என்று எழுதினால் பொய். முதுகுதான் அதிகமாக வலித்தது. ஆனால் முதுகு வலி இப்போது குறைந்துவிட்டது. சீருக்கு ஆசைப்பட்டு முகத்தைத் தூக்கினவன் என்று என் மகன் என்னை நினைத்தானே என்பது இன்னும் குறையவில்லை. நீ வேறென்ன நினைக்க முடியும்? நான் உனக்கு வேறு எதையும் சொல்லி வைக்கவில்லையே.

மறுநாள் படுக்கையை விட்டு எழ முடியாமல் போனபோதுதான் சித்தப்பன் என்னைத் திருப்பத்தூருக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தான். முதுகுத் தண்டில் ஒரு எலும்பு நசுங்கியிருந்தது. கேன்சர் எலும்புக்கு வந்துவிட்டதோ என்று பார்க்க வேலூரில் இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வரும்வரை உன் அம்மா பச்சைத் தண்ணி குடிக்கவில்லை. நோய் பரவவில்லை, எலும்பு மெலிந்ததால் வந்த முறிவுதான் என்று சொன்னதும் அவள் டாக்டர் முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள். நல்ல சேதிக்கு அழுகிறாளா, கெட்ட சேதிக்கு அழுகிறாளா என்று எனக்கே தெரியவில்லை. "இத்தினி மாசம் பக்கத்துல படுத்துக்கினு இருந்தேனே, எங்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணலியா?" என்று கேட்டாள். எனக்கு நினைவு தெரிந்து அவள் என்னை ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவளிடமும் சித்தப்பனிடமும் சத்தியம் வாங்கினேன். நீ போன் செய்தபோதெல்லாம் நான் வயலுக்குப் போயிருக்கிறேன், கடைக்குப் போயிருக்கிறேன் என்று அவள் சொன்னது இதனால்தான். படுத்துக் கிடந்தேன். எழுந்து நின்றபோது உயரம் குறைந்திருந்தேன். கண்ணாடியில் என் நெற்றி தெரிய வேண்டிய இடத்தில் முடிதான் தெரிந்தது. அம்மா ஆணியைக் கீழே இறக்கி அடித்துக் கண்ணாடியை மாட்டிவிட்டாள்.

நான் படுத்துக் கிடந்த அந்த நாட்களில்தான் எல்லப்பன் செத்துப்போனார். நடமாட்டம் இல்லாமல் படுத்தே இருந்ததில் நெஞ்சில் சளி கட்டி, ஜுரம் வந்து, போய்விட்டார். கேன்சர் கடைசிவரை அடங்கியே இருந்ததாம். எனக்குச் சேதி வந்தபோது பக்கம் திரும்பிப் படுக்கக்கூட இன்னொரு ஆள் வேண்டும். மலைக்கு எப்படிப் போவது? மழைக்கும் மண் சரிவுக்கும் நடுவே ஊர்ப் பிணத்தையெல்லாம் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலையேற்றியிருக்கிறேன். எனக்கென்று கடைசியில் கிடைத்த ஒரு சிநேகிதனுக்கு ஒரு பிடி மண் போட முடியவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு பச்சையம்மா தானே பஸ் பிடித்து இறங்கி வந்தார். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "கடைசி வரிக்கும் டிரைவரு வர்லியா, டிரைவரு வர்லியான்னு கேட்டுக்கினே இருந்தாரு. நீங்க இப்படிக் கெடக்கறீங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா, டிரைவருக்கும் முடியலன்னு அவருகிட்ட சொல்லியாவது வெச்சிருப்பேன்" என்றார். அவரிடமும் நான் சொல்லவில்லை, பார். என்னை எதிர்பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கலாம். இதற்கு மருந்து கிடையாது. இதை நான் சுமந்துகொண்டுதான் இருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் மறைப்பது போதும் என்று மனசு வந்தது. முதலில் சம்பந்திக்குப் போன் போட்டு, அன்றைக்கு ஏன் எழுந்து வரவில்லை என்று சொன்னேன். அவர் மறுநாளே கிளம்பி வந்துவிட்டார். வந்தவர் கூடத்தில் அந்தப் பீரோவைக் கையால் தட்டிப் பார்த்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டியோட திருப்பி அனுப்பியிருப்பேனே சம்மந்தி, இது இன்னா பெரிய சாமானு?" என்றார். போகும்போது என் பக்கத்தில் குனிந்து, தனக்கும் மூத்திரம் சரியாகப் போகவில்லை, யாரிடமும் சொல்லவில்லை என்றார். நான் என் டாக்டரிடம் அனுப்பினேன். அவருக்கு வெறும் வீக்கம்தான், மாத்திரையில் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டார்களாம். அடுத்து உனக்குச் சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மஸ்கட் வேலை வந்தது, விசா வந்தது, நீ சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாய். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருப்பதற்குள் சித்தப்பன் முந்திக்கொண்டான்.

நீ போக வேண்டும், கதிர். நீ இங்கே உட்கார்ந்தால் நசுங்கின எலும்பு நிமிராது. எலும்புக்கு ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். கரைந்தது திரும்ப வருவது கஷ்டம், இருப்பதைக் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர். காலையில் வெயில் ஏறுவதற்குள் ரோட்டோரமாக நடந்துவிட்டு வருகிறேன். மாத்திரைக்கு அம்மா பொறுப்பு. நோய் அடங்கித்தான் இருக்கிறது. எவ்வளவு காலத்துக்கு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ அங்கே இருக்கும்போது எனக்கு ஏதாவது ஆகலாம். உன்னால் வந்து சேர முடியாமலும் போகலாம். அப்படி ஆனால் என் மகன் மறந்துவிட்டான் என்று நான் நினைத்துக்கொண்டு சாகமாட்டேன். இதை இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன்.

உனக்கு ஐம்பது வயசு ஆகும்போது அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள். அப்பனுக்கு இருந்தது என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல். அங்கே பாலைவன வெயிலில் வேலை செய்துவிட்டு உடம்புக்கு முடியாவிட்டால் அருணாவிடம் அன்றைக்கே சொல்லிவிடு. நல்லாயிருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி அவளைத் தூரத்தில் நிறுத்தாதே. உன் அம்மாவை நான் அப்படி நிறுத்தினேன். பக்கத்தில் படுத்திருந்தவளைப் பக்கத்து ஊர்க்காரி மாதிரி ஆக்கிவிட்டேன். நாலு பேர் முன்னால் நாற்காலி கேட்பது கேவலமில்லை. முடியாது என்று சொல்வதும் கேவலமில்லை. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு சிநேகிதன் உயிரும் ஒரு முதுகெலும்பும் தேவைப்பட்டன. உனக்கு இந்தக் கடிதம் போதும் என்று நம்புகிறேன்.

சனிக்கிழமை ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் வருவதாக அருணா அம்மாவிடம் சொன்னாளாம். சென்னைவரை என்னால் வர முடியாது, வாணியம்பாடி ரோட்டுப் பள்ளம் இந்த முதுகுக்கு ஆகாது. வீட்டிலிருந்தே அனுப்பி வைக்கிறேன். இதையெல்லாம் கேட்ட பிறகு என்னைத் தொடவே உனக்குப் பயமாக இருக்கும். உன் அம்மாவுக்கும் பயம்தான், கை மேலே பட்டுவிடுமோ என்று கட்டிலின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு படுக்கிறாள். நான் அப்படியொன்றும் பொடிந்துவிடமாட்டேன். எட்ட நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடாதே. கிட்டே வந்து என்னைக் கட்டிப் பிடித்துவிட்டுப் போ. வலித்தால் சொல்கிறேன்.

உன் அப்பா